"நல்லா இருக்கு, ஆனா ஏதோ கச கசன்னு இருக்கு": வீட்டில் பதிந்த மெட்டல் கிட்டாருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் ஒரு அறையில் உட்கார்ந்து, பாடகர் இல்லாமல், கிட்டாரை மட்டும் நம்பி ஒரு மெட்டல் டிராக் பதிவு செய்கிறீர்கள். நான்கு பேருக்கு அனுப்புகிறீர்கள். ஒருவர் பதில் போடுகிறார்: "நல்லா இருக்கு, ஆனா ஏதோ கச கசன்னு இருக்கு." சரி, இப்போது எந்தக் குமிழைத் திருகுவது?

அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டு காத்திருப்பவனாகவும், கேட்டுவிட்டு என்ன எழுதுவது என்று முழிப்பவனாகவும் நான் நிறைய இருந்திருக்கிறேன். அதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கேட்பவர் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், அவர் சொல்லும் காரணம் பாதிதான் சரி, அவர் எழுதித் தரும் மருந்து பெரும்பாலும் தப்பு. "1:40இல் ஏதோ உறுத்துது" என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள். "பேஸ் அதிகம்" என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். "200 ஹெர்ட்ஸில் 4 டெசிபெல் குறை" என்றால் நன்றி சொல்லிவிட்டு நீங்களே தேடுங்கள். வயிறு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலி பொய்யில்லை. எந்த மாத்திரை என்பதை அவரிடம் கேட்க முடியாது.

கீழே தலைப்புகளாக இருப்பவை பெரும்பாலும் கேட்பவர்கள் வாயில் வரும் சொற்கள். உங்களுக்கு வந்த புகாரைத் தேடி நேரே அங்கே போகலாம். கடைசிப் பகுதி கருத்து சொல்ல உட்காருபவருக்கு.

"செம்ம மச்சான்!" (அதோடு சரி)

கோளாறு டிராக்கில் இல்லை, நீங்கள் கேட்ட கேள்வியில். "எப்படி இருக்கு, சொல்லு" என்று அனுப்பினால் "செம்ம" என்றுதான் வரும். கேள்வியைச் சுருக்குங்கள். "2:05இல் லீட் வரும்போது ரிதம் கிட்டார் அதை மூடுகிறதா?" என்று கேட்டால், மெட்டலே கேட்காத ஆள்கூட ஆமாம், இல்லை என்று சொல்லிவிடுவார். (லீட் என்பது முன்னால் நின்று மெட்டு வாசிக்கும் கிட்டார், ரிதம் அதற்கு அடியில் ஓடுவது.)

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் கூடவே எழுதுங்கள். டிரம்ஸ் தற்காலிகமாகப் போட்டது என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளை தூக்கி எறியப்போகிற ஸ்னேரைப் பற்றி மூன்று பேர் மூன்று பத்தி எழுதியிருப்பார்கள். மிக்ஸ் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால் ஏழு நிமிஷ டிராக்கை முழுதாக அனுப்பத் தேவையில்லை. ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) லீட்டும் சேரும் ஒன்றரை நிமிஷம் போதும்.

பதிலே வரவில்லையா? முதலில் கோப்பைப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிஷத்துக்கு 17 மெகாபைட் பிடிக்கும். ஐந்து நிமிஷ டிராக் 86 மெகாபைட். அதை இறக்கிக் கேட்கும் அளவுக்கு உங்கள் மேல் பாசம் உள்ளவர்கள் குறைவு. 320 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் 12 மெகாபைட்தான், கருத்து கேட்க அதுவே தாராளம்.

"கச கசன்னு இருக்கு"

அதிகம் வரும் புகார் இதுதான். இதற்குள் குறைந்தது ஐந்து நோய்கள் ஒளிந்திருக்கும். ஈக்யூவை (சத்தத்தின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடுவதற்கு முன்னால், எந்த இடத்தில் அப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள். டிராக் முழுக்கவா, பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிப்பது) வரும் இடங்களிலா, பேஸ் நுழைந்த பிறகா?

முதலில் பேஸ் டிராக்கை மியூட் செய்து கேளுங்கள். கசகசப்பு போய்விட்டால் கிட்டாரும் பேஸும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்று அர்த்தம். சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், டிராப் டி என்றால் 73, ஏழு தந்தி கிட்டாரின் கீழ் பி 62. பேஸின் கீழ் தந்தி 41. தனியாகக் கேட்கும்போது கிட்டாரின் அடித்தளம் கும்மென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நாம் கீழே கூட்டிவைக்கிறோம். மிக்ஸில் அந்த வேலை பேஸுடையது. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் ஹை பாஸ் ஃபில்டர் போட்டு அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் கிட்டார் இளைத்துப் போன மாதிரி இருக்கும். தனியாகக் கேட்காதீர்கள்.

பேஸை நிறுத்தியும் போகவில்லை என்றால் காரணம் கெயின், அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனின் அளவு. இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. கெயின் ஏற ஏறச் சத்தம் தட்டையாகும். பிக் தந்தியில் படும் அந்த 'டக்' மறையும், ஒரு ஸ்வரம் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வைக்கும்போது இரண்டு டிஸ்டார்ஷனும் சேர்கின்றன. நான்கு முறை வைத்தால் நான்கு. அதனால் தனியாக வாசிக்கையில் 7இல் பிடித்திருந்த கெயினை, பதிவுக்கு 4க்குக் கொண்டுவந்து பாருங்கள். கைக்கு உலர்ந்துபோன மாதிரி இருக்கும், பிழைகள் அம்மணமாகத் தெரியும், எரிச்சலாக வரும். நான்கு டிராக்கும் சேர்ந்த பிறகு கேளுங்கள்.

அடுத்தது ஆம்ப்புக்கு முன்னால். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை டிரைவ் அடிமட்டத்திலும் லெவல் உச்சத்திலும் வைத்து ஆம்ப்புக்கு முன்னால் சொருகுவது மெட்டலில் பழைய பழக்கம். டிஸ்டார்ஷனுக்காக அதைச் சொருகுவதில்லை. அடித்தளச் சத்தம் ஆம்ப்புக்குள் போவதற்கு முன்பே அது கொஞ்சம் சீவிவிடும், அதற்காக. கீழ்ச்சத்தம் டிஸ்டார்ஷனுக்குள் போய்க் கூழானபின் ஈக்யூவால் கூழைத்தான் குறைக்க முடியும், தந்தியின் தெளிவைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆம்ப் பிளக்இன் (கணினிக்குள் ஆம்ப் போல வேலை செய்யும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

பாம் மியூட்டில் மட்டும் 'பூம் பூம்' என்று வீங்கினால், அது 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கிளம்பும் வீக்கம். ஈக்யூவால் மொத்தமாக வெட்டினால் திறந்த கார்டுகள் மெலிந்துவிடும். மல்டிபேண்ட் கம்ப்ரெஸரோ டைனமிக் ஈக்யூவோ வைத்து, வீங்கும் நேரத்தில் மட்டும் அந்தப் பகுதியை அமுக்குங்கள்.

இத்தனை செய்தும் போகவில்லையா? கையைப் பாருங்கள். ரிஃப்பில் சேராத தந்திகள் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண கிட்டாரில் அது காதில் விழாது. ஹை கெயினில் ஒவ்வொன்றும் ஒரு இரைச்சல். இடது கை ஆள்காட்டி விரல் மற்ற தந்திகளை லேசாகத் தொட்டு அடக்குகிறதா என்று பார்த்து, அடங்கவில்லை என்றால் அந்த இடத்து நான்கு பாரையும் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) மறுபடி வாசித்துப் பதியுங்கள். இதைச் சரிசெய்யும் பிளக்இன் கிடையாது. நாய்ஸ் கேட் இடைவெளியில் வரும் இரைச்சலைத்தான் வெட்டும், வாசிக்கும்போது கூடவே ஊளையிடும் தந்தியை அது தொடாது.

ஒரு கிளைக்கதை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மெல்லிய சத்தத்தில் மிக்ஸ் செய்பவரா நீங்கள்? சத்தம் குறையக் குறைய நம் காதுக்குக் கீழ்ச்சத்தம் அதிகமாகவே குறைந்து கேட்கும். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைந்த வளைகோடுகள் காட்டுவது இதைத்தான். அதனால் இரவில் பேஸைக் கூட்டுவீர்கள், பகலில் ஓங்கிக் கேட்பவர் கசகசப்பு என்பார். இரண்டு பேர் காதும் நன்றாகத்தான் இருக்கிறது.

"தேனீக்கூட்டம் மாதிரி ஒரே ங்ஙஙஙன்னு இருக்கு" / "போர்வைக்குள்ள இருந்து கேட்குது"

இரண்டும் எதிரெதிர் புகார்கள் மாதிரி தெரியும். இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஒரே இடம்: கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி.

கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று விழுந்துவிடும். நாம் மெட்டல் டோன் என்று பழகியிருப்பதே அந்த ஸ்பீக்கர் வடிகட்டிய மிச்சத்தைத்தான். ஆம்ப் பிளக்இன்னில் கேபினெட் பகுதி அணைந்திருந்தால், அல்லது ஐஆர் கோப்பு (ஒரு கேபினெட்டின் சத்தத் தன்மையைப் பதிந்து வைத்த கோப்பு) ஏற்றாமல் விட்டிருந்தால், அந்த வடிகட்டி இல்லை. தேனீக்கள் வெளியே வரும். போர்வைக் கேஸ் இதற்கு நேர் எதிர். பிளக்இன் தன் கேபினெட்டை வைத்திருக்கும், நீங்கள் மேலே இன்னொரு ஐஆர் போட்டிருப்பீர்கள். இரண்டு முறை வடிகட்டினால் போர்வைதான்.

கேபினெட் ஒன்றே ஒன்று சரியாக இருந்தும் தேனீ போகவில்லை என்றால் வேறு ஐஆர் மாற்றிப் பாருங்கள். மைக்கை ஸ்பீக்கர் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்திப் பதிந்த ஐஆர் சத்தத்தை மென்மையாக்கும். அரை மணி நேர ஈக்யூ வேலை அதில் ஒரு நொடியில் முடியும். அப்புறமும் சீற்றம் இருந்தால் 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் லோ பாஸ் ஃபில்டர் போட்டு மேலுள்ளதை வெட்டுங்கள்.

"கிட்டார் எப்போ வரும்?"

இது எனக்கே நடந்தது. ஒரு ரிஃப்பை ஒருமுறைதான் வாசித்திருந்தேன். சோம்பேறித்தனம். அதையே நகலெடுத்து இடமும் வலமும் வைத்தேன். அகலமாகவே கேட்கவில்லை, நடுவில் சத்தம் கூடியதோடு சரி. (ஒரே அலையை இரண்டு பக்கமும் வைத்தால் அது மோனோதான். அன்று தெரியாது.) ஸ்டீரியோவை அகலமாக்கும் ஒரு பிளக்இன்னில் எதையோ அழுத்தினேன். அடேங்கப்பா, ஹெட்ஃபோனில் கிட்டார் தலைக்கு வெளியே நின்றது! பெருமையாக ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். அவன் அதை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு எழுதினான்: "டிரம்ஸ், பேஸ் எல்லாம் சூப்பர். கிட்டார் எப்போ வரும்?"

கிண்டல் செய்கிறான் என்று இரண்டு நாள் பேசவில்லை. அவன் கேட்டதில் உண்மையாகவே கிட்டார் இல்லை. நான் அழுத்தியது ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஸ்பீக்கரில் சேரும்போது கூட்டலும் கழித்தலுமாகி ஒன்றையொன்று விழுங்கிவிட்டன.

"மெலிசா இருக்கு", "தூரத்துல இருக்கு", "கிட்டார் காணோம்" என்று யாராவது சொன்னால் முதல் வேலை மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்துவது. கிட்டார் பாதிக்கு மேல் சுருங்கினால் அலைகள் மோதுகின்றன. நகலெடுத்துச் சில மில்லிசெகண்டு தள்ளிவைத்த டிராக், ஒரே கேபினெட் முன் வெவ்வேறு தூரத்தில் வைத்த இரண்டு மைக், அகலமாக்கும் பிளக்இன், இவற்றை இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். நகலெடுத்த டிராக்குக்கு மருந்து ஒன்றுதான்: ரிஃப்பை இன்னொரு முறை வாசியுங்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையே கை செய்யும் நூல் வித்தியாசம்தான் அகலம்.

மோனோவிலும் கிட்டார் அப்படியே நிற்கிறது, ஆனாலும் மெலிசு என்கிறார்களா? மிட்ஸை (நடுச்சத்தத்தை) எவ்வளவு வெட்டினீர்கள் என்று பாருங்கள். நடுவைக் குடைந்து ஓரங்களைத் தூக்கிய டோன் அறையில் தனியாக அசுரனாக இருக்கும். டிரம்ஸ் வந்ததும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

"ஏதோ டைட்டா இல்ல"

180 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 180 அடி) பதினாறாம் ஸ்வரம் (ஒரு அடியில் கால்வாசி) ஒன்றுக்கு 83 மில்லிசெகண்டுதான். 20 மில்லிசெகண்டு தாமதம் என்றால் கால்வாசி ஸ்வரம் போச்சு. சொல்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, காதுக்குத் தெரியும்.

டிராக்கைப் பெரிதாக்கி, பிக் விழும் இடங்களைத் தாளக் கோட்டோடு ஒப்பிடுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவு பிந்தியிருந்தால் கை நிரபராதி. ஆடியோ இன்டர்ஃபேஸின் தாமதத்தை மென்பொருள் சரியாக ஈடுகட்டவில்லை. இன்டர்ஃபேஸின் அவுட்டை அதன் இன்புட்டிலேயே கேபிளால் சொருகி, கிளிக் சத்தத்தை வெளியே அனுப்பித் திரும்பப் பதிந்தால் எத்தனை சாம்பிள் வித்தியாசம் என்று தெரிந்துவிடும். அதை மென்பொருள் அமைப்பில் ஈடாகக் கொடுத்துவிடலாம். ஸ்வரங்கள் முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் கைதான். வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம், பலரும் செய்கிறார்கள், பாவமில்லை. ஆனால் 160 பிபிஎம்மில் சுத்தமாக வரும் ரிஃப்பை 180இல் பதிவேன் என்று பிடிவாதம் பிடிப்பது எதற்கு? டிராக்கின் வேகத்தை 170 ஆக்குங்கள். டைட்டாக வாசித்த 170, தள்ளாடும் 180ஐவிட வேகமாகக் கேட்கும்.

"சுருதி சேரல"

ஒவ்வொரு டேக்குக்கு (ஒருமுறை வாசித்துப் பதிவதற்கு) முன்னாலும் ட்யூன் செய்தீர்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் இல்லை, ஒவ்வொரு டேக்குக்கும். செய்தீர்கள் என்றால், எப்படிச் செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. மெல்லத் தட்டி ட்யூன் செய்துவிட்டு ஓங்கி அறைந்து வாசித்தால் தந்தி தொடக்கத்தில் சுருதிக்கு மேலே எகிறும். கீழ் ட்யூனிங்கில் மெல்லிய தந்தி போட்டிருந்தால் இன்னும் மோசம். வாசிக்கும் அதே ஓங்கலோடு ட்யூன் செய்யுங்கள், கூடவே தடித்த தந்தி செட்டுக்கு மாறுங்கள்.

12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது மேலே போனால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இது எல்லாம் சரி, ஆனால் டிஸ்டார்ஷனில் மேஜர் கார்டு மட்டும் கரகரக்கிறது என்றால் உங்கள் மேல் தப்பில்லை. நாம் வாசிக்கும் சம இடைவெளி ஸ்வர அமைப்பில் மேஜர் தர்டு இயற்கையான இடத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே இருக்கும். டிஸ்டார்ஷன் அந்த உரசலைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். மெட்டலில் தர்டு இல்லாத பவர் கார்டு கொடிகட்டிப் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தர்டு கட்டாயம் வேண்டும் என்றால் அதை இன்னொரு டிராக்கில் தனியாக வாசித்துச் சேருங்கள்.

"டிரம்ஸ் மெஷின் மாதிரி"

மெஷின்தானே. எல்லா அடியும் 127 வெலாசிட்டியில் (அடியின் ஓங்கல் அளவு, 127தான் உச்சம்) இருக்கும், அடிக்கு அடி கூட்டிக் குறைத்து மாற்றுங்கள். ஒரே நொடியில் கிராஷ், ஹைஹாட், ஸ்னேர் மூன்றும் அடிக்கிறதா பாருங்கள். டிரம்மருக்கு இரண்டு கைதான்.

"இதுக்கு ஒரு வோக்கல்ஸ் போட்டா நல்லா இருக்கும்"

பாடகர் இல்லாமல் வாசிப்பவனுக்கு இதைவிடக் கடுப்பேற்றும் வாக்கியம் கிடையாது. "இது இன்ஸ்ட்ருமென்டல், புரியலையா?" என்று விரல் துடிக்கும். பொறுங்கள். அவர் பாடகர் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கை கேட்கிறார். இங்கேயும் அதே கதைதான்: காரணமும் மருந்தும் தப்பு, வலி உண்மை.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த இடத்துல உனக்குக் கவனம் வேற எங்கேயோ போச்சு?" பெரும்பாலும் ஒரு ரிஃப் நான்காவது ஐந்தாவது முறை திரும்பும் இடமாக இருக்கும். பாடல் உள்ள டிராக்கில் ரிஃப் எட்டு முறை திரும்பினாலும் யாருக்கும் தெரியாது, மேலே குரல் புதுப் புது வரி சொல்லிக்கொண்டிருக்கும். குரல் இல்லாதபோது அந்த ரிஃப்தான் கதாநாயகன். எட்டு முறை ஒரே வசனம் பேசினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

அதற்காகப் புதிய ரிஃப்பாக அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. புதிதாக இசை செய்பவர்கள் விழும் அடுத்த குழி அது: நான்கு நிமிஷத்தில் பதினொரு ரிஃப், எதுவும் மனதில் தங்காது. கீர்த்தனையில் பல்லவியின் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்த்துக்கொண்டு போவார்களே, அதுதான் இங்கே வேண்டியது. வரி மாறாது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கூடும். முதல் இரண்டு முறை ரிஃப் அப்படியே வரட்டும். மூன்றாவது முறை கிட்டாரைத் தொடாமல் டிரம்ஸை ஹாஃப் டைமுக்கு (பாதி வேகத் தாளத்துக்கு) மாற்றுங்கள். அதே ரிஃப் இரண்டு மடங்கு கனத்து நிற்கும். நான்காவதில் பேஸ் மட்டும் வேறு அடி ஸ்வரத்துக்குப் போகட்டும். ஐந்தாவதில் மேலே ஒரு ஹார்மனி. ஆறாவதில் கடைசி பாரை வெட்டிவிட்டு ஒரு அடி மௌனம். அந்த ஒரு அடி மௌனத்துக்கு எந்த பிரேக்டவுனும் ஈடாகாது என்பது என் கட்சி.

அடுத்து லீட். பாடுபவர் மூச்சு விட்டே ஆக வேண்டும், கிட்டார் வாசிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் நம் சோலோக்கள் கமா இல்லாத வாக்கியம் மாதிரி ஓடுகின்றன. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று வாயால் பாடி ஃபோனில் பதியுங்கள். குரல் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை, யாருக்கும் அனுப்பப்போவதில்லை. பிறகு அதையே வாசியுங்கள். மூச்சு வாங்கிய இடமெல்லாம் இடைவெளியாகத் தானாக வந்து விழும். ஸ்வீப், டேப்பிங் போன்ற வேக வித்தைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை வரட்டும், வந்துவிட்டுப் போகட்டும்.

மெட்டு நன்றாகவே இருந்தும் "வோக்கல்ஸ் வேணும்" என்று வந்தால் மிக்ஸைப் பாருங்கள். 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி பொதுவாகக் குரலுக்கு ஒதுக்கப்படுவது. அங்கே ரிதம் கிட்டார்கள் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தால் லீட் எங்கே உட்காரும்? லீட் வரும் பாரில் மட்டும் ரிதமை ஒன்றரை, இரண்டு டெசிபெல் இறக்கிப் பாருங்கள். லீட்டை நடுவில் வையுங்கள், குரல் நிற்கும் இடத்தில்.

ஒருவர் "பேஸே இல்ல" என்கிறார், இன்னொருவர் "பேஸ் ஜாஸ்தி"

இரண்டு பேரும் எதில் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். முதலாமவர் ஃபோனில், இரண்டாமவர் காரில் என்று வரும். ஃபோனின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸ் எல்லாம் தர முடியாது. அதில் பேஸ் கேட்க வேண்டும் என்றால் பேஸின் மேல் ஹார்மோனிக்குகள் வேண்டும். பேஸ் டிராக்கை இரண்டாக்கி, ஒன்றை அடித்தளத்துக்குச் சுத்தமாக விட்டு, இன்னொன்றில் கீழ்ப்பகுதியை வெட்டி டிஸ்டார்ஷன் ஏற்றிக் கலக்குங்கள். ஃபோனில் பேஸ் முளைக்கும். பிறகு காருக்காக அடித்தளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் சொன்னதும் சரியாகிவிட்டது பாருங்கள்.

எதிரும் புதிருமான பெரும்பாலான கருத்துகள் இப்படித்தான், ஒரே இடத்தை இரண்டு திசையிலிருந்து சுட்டுவார்கள். "லீட் சின்னதா இருக்கு" என்பதும் "ரிதம் கத்துது" என்பதும் ஒரே புகார்தான். என்ன சொன்னார்கள் என்று எண்ணாமல் எந்த நிமிஷத்தைச் சொன்னார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேர் 2:10இல் தடுக்கினால், காரணம் மூன்றாக இருந்தாலும் 2:10இல் கல் இருக்கிறது. ஒருவர் மட்டும் ஒரு இடத்தைச் சொன்னால் குறித்து வையுங்கள், அவசரமில்லை.

ரசனை மோதல் என்று ஒன்று உண்டு. ஆறு தந்தியும் தொங்கிப்போகும் அளவுக்கு ட்யூனிங்கை இறக்கி டூம் (மெதுவான, கனத்த மெட்டல்) வாசிப்பவரிடம் "டைட்டா இல்ல" என்று த்ராஷ் (வேக மெட்டல்) ரசிகர் சொல்லத்தான் செய்வார். மெட்டாலிக்காவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் காதில் விழுவதில்லை என்ற புலம்பல் இன்னும் ஓயவில்லை, அந்த ஆல்பத்தைக் கேட்பதையும் யாரும் நிறுத்தவில்லை.

கருத்தைப் படித்ததும் கோபம் வருகிறது

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். "அது வேணும்னே அப்படி வச்சது" என்று தட்டச்சு செய்தால் உடனே அழியுங்கள். வேண்டுமென்றே வைத்தது கேட்பவருக்குப் பிழையாகத் தெரிகிறது என்றால், அது வேண்டுமென்றே வைத்தது என்று தெரியும் அளவுக்கு வைக்கவில்லை. மறுநாள் ஒரே கேள்வி போதும்: "எந்த நிமிஷத்துல?"

கருத்து சொல்பவருக்கு: "என்ன எழுதுறதுன்னே தெரியல"

முதல் முறை நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள், கையில் எதுவும் வேண்டாம். இரண்டாவது முறை பேனாவோடு. முகம் சுளித்த இடம், தலை தானாக ஆடிய இடம், ஃபோனை எடுத்து வேறெதையோ பார்த்த இடம், மூன்றையும் நிமிஷம் நொடியோடு குறியுங்கள். காரணம் தெரியாவிட்டால் எழுத வேண்டாம். "மிக்ஸ்ல இன்னும் வேலை இருக்கு" என்பது கருத்தே இல்லை. இது கருத்து: "1:12இல் டிரெமலோ ரிஃப் தொடங்கியதும் கிக் காணாமல் போகிறது. ஹெட்ஃபோனில் கேட்டேன்." இவ்வளவுதான். ஈக்யூ எண் எதுவும் தேவையில்லை, அது அவர் வேலை.

நிறையக் குறை இருந்தால் வரிசை முக்கியம். மெட்டும் அமைப்பும் முதலில், பிறகு வாசிப்பு, பிறகு டோன், கடைசியில் மிக்ஸ். சுருதி விலகிய டேக்குக்கு ரிவர்ப் ஆலோசனை சொல்வது, இடியப்போகும் சுவருக்கு வண்ணம் தேர்வு செய்வது போல. மூன்றுக்கு மேல் சொல்லாதீர்கள், நான்காவதிலிருந்து அவர் காதில் ஏறாது.

"நான் சொன்னதும் ஆள் சுருங்கிட்டார்"

அவர் எதைக் கேட்டார் என்று திரும்பப் படியுங்கள். லீட் பற்றிக் கேட்டவரிடம் நீங்கள் மொத்த டிராக்கையும் பிரேதப் பரிசோதனை செய்திருக்கலாம். அல்லது முடித்து வெளியிட்டுவிட்ட டிராக்காக இருக்கும். மாற்ற முடியாததற்குக் குறை பட்டியல் எதற்கு? பிடித்த இடத்தையும் அதே கறாரோடு சொல்ல வேண்டும். "மொத்தமா நல்லா இருக்கு" என்ற சர்க்கரைப் பூச்சு யாருக்கும் உதவாது. "3:02இல் இரண்டு கிட்டாரும் ஒரே ஸ்வரத்தில் வந்து சேரும் இடத்தை நான்கு முறை திருப்பிக் கேட்டேன்" என்றால் அந்த இடத்தை அவர் அடுத்த மிக்ஸில் கெடுக்காமல் இருப்பார். அதுவும் பிழை நீக்கம்தான், பிழை வருவதற்கு முன்பே.

இன்னொரு சோதனை: நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தால் அந்த டிராக் உங்கள் டிராக் போல ஆகிவிடுமா? ஆம் என்றால் "இது என் ரசனை" என்று முன்னால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

"முன்னாடி அனுப்பினதே நல்லா இருந்துச்சு"

எல்லாம் திருத்தி அனுப்பிய பிறகு வரும் அடி. மனம் உடையும் முன்பு இரண்டு கோப்பின் சத்த அளவையும் பாருங்கள். கொஞ்சம் ஓங்கிக் கேட்பதைக் காது நல்லது என்று சொல்லிவிடும். பழைய மிக்ஸை லிமிட்டரால் (உச்சங்களை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டும் கருவி) நசுக்கி -7 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) வரை ஏற்றியிருப்பீர்கள், புதியது -11இல் இருக்கும், அதனால் தோற்றிருக்கும். ஸ்பாட்டிஃபை, யூட்யூப் எல்லாம் ஏறக்குறைய -14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகின்றன. அங்கே போனால் நசுக்கியதன் பயன் போய், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

இரண்டு கோப்பையும் ஒரே எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவாருங்கள். "பழசு", "புதுசு", "ஃபைனல்", "ஃபைனல் ரெண்டு" என்ற பெயர்களை எடுத்துவிட்டு "அ", "ஆ" என்று வையுங்கள். எது எது என்று ஒரு தாளில் குறித்து மடித்து வைத்துவிட்டு, அதே நபருக்கு அனுப்பி, எந்த இடத்தில் எது பிடிக்கிறது என்று நிமிஷத்தோடு கேளுங்கள். பழையதுதான் மறுபடியும் ஜெயித்தால் அதைத் திறந்து, புதியதில் அவருக்குப் பிடித்த அந்த ஓரிரு இடங்களை மட்டும் அதற்குள் கொண்டுபோங்கள். மற்றத் திருத்தங்களை விட்டுவிடலாம்.